முதுகு வார்ப்புகள்

தென்முனை ரேசிங்கின் வரலாறு
என்னிடம் இரண்டு பொருளாக இருக்கிறது:
எண்ணெய்க் கறை பிடித்த ஒரு நோட்டு,
ஷெட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டிய
நான்கு நுரை வார்ப்புகள்.

ஒற்றை இருக்கைக் காரில் ஒருவன் ஏறுமுன்
கறுப்புப் பையில் நுரைக்கரைசல் ஊற்றி
அதன்மேல் உட்காரச் சொல்வோம்.
பதினைந்து நிமிடம் அசையக் கூடாது.
சூடு ஏறும். "லேய், வெந்துபோச்சு" என்பார்கள்.
பிறகு எழுந்து போவார்கள்.
முதுகு இருந்துவிடும்.

முதல் முதுகு ஆன்றோ. கருங்கல்காரன், பதினாறு வயது.
ஜஸ்டஸ் அண்ணன் லேத்தை அடகு வைத்து
கோயம்புத்தூரில் வாங்கிய காருக்கு அப்போது மூக்கு இல்லை.
குளச்சலில் ஃபைபர் வள்ளம் வார்ப்பவர் செய்து தந்தார்.
அது கொஞ்சம் வள்ளம் போலவே இருந்தது.

பெரிய அணிகளுக்குக் காற்றுச் சுரங்கம் உண்டாம்.
எங்களுக்கு முப்பந்தல்.
ஆடி மாதம் காற்றாலைக்கு அடியில் காரை நிறுத்தி
இறக்கையெங்கும் கம்பளி நூல் ஒட்டினோம்.
எது துடிக்கிறது, எது படுத்துக் கிடக்கிறது,
எல்லாம் குறித்தேன்.
ஒரு மாடு வந்து நான்கு நூலைத் தின்றது.
அதையும் குறித்திருக்கிறேன்.

(மார்த்தாண்டத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் லேப் அட்டெண்டர் நான்.
ஸ்டாப்வாட்ச் அங்கிருந்து வந்தது.
இன்னும் திருப்பவில்லை.)

கிறிஸ்துதாஸின் மீன் லாரியில்தான் கார் போகும்,
இருங்காட்டுக்கோட்டை வரைக்கும்.
பக்கத்துக் கூடாரத்துப் பையன்கள் மூக்கைப் பொத்துவார்கள்.
கடைசியிலிருந்து எண்ணினால் எங்களைச் சீக்கிரம் காணலாம்.

டெஸ்ட் நேரங்களை மற்றவர்களின் நேரத்தோடு வைத்துப் பார்த்தோம்.
ஆன்றோ மந்தம் என்றது நோட்டு.
ஜஸ்டஸ் அண்ணன் அவனுக்குப் பொறோட்டா வாங்கிக் கொடுத்துச் சொன்னார்.
அவன் இரண்டு தின்றான். மூன்றாவதைத் தொடவில்லை.

அடுத்தவன் ஷாபி, திருவிதாங்கோடு.
ஒரு ஞாயிறு மழை கொட்டியது. வெயிலூர்ப் பிள்ளைகள்
வளைவுக்கு முன்பே பிரேக்கில் ஏறி நின்றார்கள்.
இவன் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் காணும் ஊர்.
பதினான்காவதாகக் கிளம்பி மூன்றாவதாக வந்தான்.
கோப்பையில் நிறைந்த மழைத்தண்ணீரை
கிறிஸ்துதாஸ் குடித்துக் காட்டினான்.
அடுத்த மாதமே ஒரு சென்னை அணி ஷாபியைக் கேட்டது.
பதிலுக்கு ஜஸ்டஸ் அண்ணன் கேட்டது இரண்டு மழை டயர்.
ஜூனியர் அணி என்றால் அதுதான் வேய்:
ஜெயித்தவன் தங்கமாட்டான்,
தோற்றவனுக்கு வயது தங்காது.

விஷ்ணுஜித்துக்கு மணிக்கட்டு முறிந்தது.
இப்போது குவைத்தில் கிரேன் ஓட்டுகிறான்.
அதுவும் ஒற்றை இருக்கைதான்.

ஒக்கி வந்த ராத்திரி
ஷெட்டின்மேல் ஏழு ரப்பர் மரம்.
காருக்கு ஒன்றுமில்லை.
கிறிஸ்துதாஸின் தம்பி சூசை கரைக்கு வரவில்லை.
லாரிக்கு வைத்திருந்த டீசல்
தேடப்போன விசைப்படகுக்குப் போனது.
நோட்டில் அந்தப் பக்கம் காலி.

அதற்குப்பின் மீன் வாடையில்லாத ஒரு வாடகை வேன்.
அதற்குப்பின் பெனிஷா.

பேச்சிப்பாறைப் பெண். இரண்டு முறை ஐந்தாவது வந்தாள்.
கோவையில் காரைவிட்டு இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே,
"ஒங்க வாட்ச் தப்பு" என்றாள்.
அவளுடைய போனோடு வைத்துப் பார்த்தோம்.
நிமிடத்துக்கு அரை நொடி
முந்திக்கொண்டு ஓடுகிறது.
எத்தனை வருஷமாக என்று கேட்டாள்.

ராத்திரி முழுக்க உட்கார்ந்து
முதல் பக்கத்திலிருந்து கழித்துக்கொண்டு வந்தேன்.
ஆன்றோ மந்தமில்லை.
ஷாபியைவிட ஒரு முடி வேகம்.

கருங்கலில் செல்போன் கடை வைத்திருக்கிறான்.
நோட்டை விரித்துக் காட்டினேன்.
சிவப்பு மசி எண்களைப் பார்த்தான், பழைய எண்களைப் பார்த்தான்,
பசை காயாத ஒரு டிஸ்பிளேயை
கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே.
"வேகமெல்லாம் நெனவில்ல அண்ணே.
அந்த நொர சுட்டது மட்டும்
முதுகுல இருக்கு" என்றான்.

திரும்பும்போது பெட்ரோல் பங்கில்
தென்முனை பெயரில் இன்னும் நிற்கும் பாக்கியைச் சொன்னார்கள்.
நாலாயிரத்து நூற்றிப்பத்து.
இது சரியான கணக்கு.